கோளாறு மேலே, காரணம் கீழே: எய்ட் கிளைம்பிங் பழகுபவர்களுக்கு

எய்ட் கிளைம்பிங்கில் விரல் வலிமைக்குப் பெரிய வேலை இல்லை. பாறை வெடிப்பில் ஒரு கருவியைச் செருக வேண்டும், அதில் நாடா ஏணியை மாட்ட வேண்டும், ஏணியில் ஏறி நின்று அடுத்த கருவியைச் செருக வேண்டும். அவ்வளவுதான். கேட்கும்போது பரணில் ஏறி அண்டா எடுப்பது மாதிரி இருக்கும். முதல் தடவை நான் முன்னால் ஏறியபோது 30 மீட்டருக்கு மூன்றரை மணி நேரம் ஆனது. கீழே பிலே (விழுந்தால் நிறுத்தும் கயிற்றுப் பிடி) பிடித்துக்கொண்டிருந்த நண்பன் அரை மணிக்கு ஒரு தரம் "மச்சி, இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

நான் பழகியது கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில், பெரும்பாலும் வாஷிங்டன் காலம் என்ற தூண் பாறையில். (பெயரைச் சொன்னதும், ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த காலத்துப் பாறை என்று அம்மா நினைத்துக்கொண்டார்.) அதன் தெற்கு முகத்தை 1964இல் லேட்டன் கோரும் கிறிஸ் ஃபிரெடரிக்ஸும் முதலில் ஏறினார்கள். தரம் 5.8 சி1. 5.8 என்பது ஏணி இல்லாமல் கை காலால் ஏறும் இடங்களின் கடினம். 'சி' என்றால் சுத்தியல் தேவையில்லை, கையால் செருகிக் கையாலேயே எடுத்துவிடலாம். 1 என்றால் செருகியது பெரும்பாலும் நிற்கும். மூன்று பிட்ச் (ஒரு கயிற்று நீளத்துக்குள் ஏறி முடிக்கும் கட்டம் ஒரு பிட்ச்) ஏறினால் டின்னர் லெட்ஜ் என்ற அகலமான திண்ணை வரும், அதில் படுத்துத் தூங்கலாம். அதற்கு மேலே கோர் ரூஃப் என்ற, வெளியே நீட்டிய பாறைக் கூரை. பழகுகிறவருக்கு வர வேண்டிய தொல்லைகள் ஏறக்குறைய எல்லாமே இந்த ஒரு பாதையில் வந்துவிடும்.

இத்தனை தடவை போய் நான் கண்டது ஒன்றுதான்: தொல்லை தெரியும் இடத்தில் காரணம் இருப்பதில்லை. அது பத்து நிமிடம் முன்னால் நடந்திருக்கும், சில சமயம் ஒரு பிட்ச் கீழே, இன்னொருவர் கையில். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறியையும் எடுத்துக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கிப் போகிறேன். கயிறு, ஆங்கர் (பிட்ச் முடிவில் ஆளையும் பையையும் பாறையோடு கட்டும் இடம்), பிலே எல்லாம் ஏற்கெனவே கைவந்தவர்களுக்காக எழுதுவது இது. அது இன்னும் கைவரவில்லை என்றால், முதலில் தெரிந்த ஒருவரிடம் நேரில் கற்றுக்கொண்டு வாருங்கள்.

சொற்கள் மூன்று போதும். எய்டர் என்பது ஐந்தாறு படி வைத்துத் தைத்த நாடா ஏணி, கையில் இரண்டு இருக்கும். டெய்ஸி என்பது இடுப்பு ஹார்னஸிலிருந்து அந்த ஏணிக்குப் போகும், வரிசையாகக் கண்ணிகள் தைத்த நாடா. அதுவும் இரண்டு. ஃபிஃபி என்பது இடுப்பிலேயே தொங்கும் சின்னக் கொக்கி. கருவியில் மாட்டினால் கையை விட்டுவிட்டுச் சாய்ந்துகொள்ளலாம்.

அறிகுறி: ஒரு பிட்ச் முடிய அரை நாள் ஆகிறது

கருவி வைக்கத் தெரியாததால்தான் நேரம் போகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கடிகாரம் வைத்துப் பாருங்கள், கருவி வைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. மீதி நேரம் போவது இரண்டு இடத்தில்.

ஒன்று, ஏணியில் எந்தப் படி வரை ஏறுகிறோம் என்பது. பழகும்போது எல்லோரும் மூன்றாவது படியிலேயே நின்றுவிடுகிறோம், பயம். அங்கிருந்து கை நீட்டினால் போன கருவிக்கு 60 சென்டிமீட்டர் மேலே வைக்க முடியும். மேல்படியில் நின்றால் 120 சென்டிமீட்டர் கிடைக்கும். 36 மீட்டர் பிட்சில் முதல் கணக்குக்கு 60 கருவி, இரண்டாவதற்கு 30. வேகமாகக் கை ஆட்டி இந்தப் பாதியை மிச்சம் பிடிக்கவே முடியாது. மேல்படியில் நிற்பது துணிச்சல் சம்பந்தப்பட்டது இல்லை, இழுவை சம்பந்தப்பட்டது. இடுப்பை ஃபிஃபியால் கருவியோடு நெருக்கிக் கட்டி, காலால் ஏணியைக் கீழே மிதித்துக்கொண்டே இடுப்பை வெளியே தள்ளினால், இரண்டு இழுவைக்கும் நடுவே உடம்பு ஆடாமல் நிற்கும். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் போல்ட் இருக்கும் ஏதாவது பாறையில் ஒரு சாயங்காலம் முழுக்க இதை மட்டும் செய்து பாருங்கள்.

இரண்டாவது, வரிசை. ஒவ்வொரு தடவையும் 'அடுத்து என்ன' என்று யோசித்தால் அரை நாள் போகத்தான் செய்யும். என் வரிசை இது: கருவி வை, காலியாக இருக்கும் ஏணியையும் டெய்ஸியையும் அதில் மாட்டு, சோதி, அதன் மேல் மாறு, பழைய ஏணியைக் கழற்றிக் கூடவே எடுத்துக்கொள், இடுப்பு உயரத்துக்குக் கருவி வந்ததும் கயிற்றை மாட்டு, மேல்படி வரை ஏறு, ஃபிஃபி. கயிறு மாட்டும் நேரம் முக்கியம். தலைக்கு மேலே இருக்கும் கருவியில் மாட்ட ஒரு முழம் கயிற்றை இழுத்து வைத்திருக்கும்போது அந்தக் கருவி பிய்ந்தால், இழுத்த முழமும் சேர்ந்து விழுவீர்கள். இடது ஏணியும் டெய்ஸியும் ஒரு நிறம், வலது இன்னொரு நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

அறிகுறி: கை செத்துப்போகிறது, பாதம் எரிகிறது

கை வலித்தால் ஏதோ ஒரு கையால் தொங்கிக்கொண்டிருக்கிறீர்கள். தொங்க வேண்டியது இடுப்பு. ஃபிஃபி போட்டு உட்காருங்கள். செங்குத்தைத் தாண்டி வெளியே சாயும் பாறையில் ஏணியை மிதித்து நிற்க முயன்றால் கால் முன்னால் ஓடும், உடம்பு பின்னால் மல்லாந்துவிடும். குதிகாலைப் பிட்டத்துக்குக் கீழே மடக்கி, ஏணியின் மேல் குந்துவது மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

பாதம் எரிந்தால் காரணம் வீட்டிலேயே நடந்துவிட்டது. நாடாப் படியில் மணிக்கணக்கில் நிற்க, விரலை மடக்கும் ஏறு காலணி ஆகாது. தடித்த அடிப்பாகம் உள்ள நடைக் காலணி போடுங்கள்.

அறிகுறி: சோதித்தபோது நின்ற கருவி, ஏறி நின்றதும் பிய்கிறது

இதில் கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும், இதுதான் ஆளை விழ வைப்பது.

சோதனை என்பது, பழைய கருவியிலிருந்து முழுதாக விலகாமல், புதியதில் ஒரு காலை வைத்து முதலில் மெல்ல எடையைக் கொடுப்பது. பிறகு டெய்ஸியில் இடுப்பைத் தொங்கவிட்டு, துள்ளித் துள்ளி இழுப்பது. நம் எடையைவிட அதிகமான இழுப்பை அது தாங்கினால், அதில் நிற்கலாம். அப்போது கருவியைப் பார்க்காதீர்கள். தலையைக் குனிந்து ஹெல்மெட்டைக் காட்டுங்கள். பிய்ந்தால் அது நேராகப் பல்லுக்குத்தான் வரும்.

சரி, இவ்வளவும் செய்த பிறகும் பிய்ந்தால்?

முதல் சந்தேகம் திசை. சோதித்தபோது கீழ்நோக்கி மட்டும் இழுத்திருப்பீர்கள். மேல்படியில் நின்று ஃபிஃபியில் சாயும்போது இழுப்பு வெளிப்பக்கமாகப் போகிறது. கீழே இழுத்தால் கெட்டியாக உட்காரும் நட் (வெடிப்பின் குறுகலில் செருகும் உலோகத் துண்டு), வெளியே இழுத்தால் ஆப்பு கழன்ற மாதிரி வந்துவிடும். அதனால் சோதனையின் கடைசித் துள்ளல்களைக் கொஞ்சம் வெளிப்பக்கமாகவும் கொடுங்கள்.

அடுத்த சந்தேகம் வெடிப்பின் வடிவம். யோசெமிட்டியில் பழைய பாதைகளின் வெடிப்புகள் பல இடங்களில் இயற்கையாக இல்லை. 1940களில் ஜான் சலாத்தே என்ற கொல்லர், அங்குள்ள கிரானைட்டில் வளையாத கடினமான எஃகு ஆணிகளைச் செய்தார். அடித்து ஏறி, பின்னால் வருபவர் பிடுங்கி, மறுபடி மேலே அடிக்கலாம். பிறகு இவான் ஷூயினார்டும் டாம் ஃப்ரோஸ்ட்டும் அதே வழியில் இன்னும் நல்ல ஆணிகளைச் செய்தார்கள். ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கானோர் அடித்துப் பிடுங்கியதில் மெல்லிய கீற்றுகள் குழிகளாயின. தாங்கள் விற்ற சரக்கே பாறையைத் தின்கிறது என்று கண்டு, 1972இல் தங்கள் கடையின் விலைப்பட்டியலிலேயே ஆணியை விட்டுவிட்டு நட்டுக்கு மாறச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு காலன் ரோவெல், டென்னிஸ் ஹென்னெக், டக் ராபின்சன் மூவரும் அதே பள்ளத்தாக்கில் உள்ள ஹாஃப் டோம் பாறையின் வடமேற்கு முகத்தைச் சுத்தியலே இல்லாமல் ஏறிக் காட்டினார்கள்.

அந்தக் குழிகள் இன்னும் இருக்கின்றன. வாய்ப்பக்கம் அகலம், உள்ளே குறுகல். இரண்டு பக்கமும் ஒரே அளவுள்ள சாதாரண கேமை (விசையை விட்டதும் மடல்கள் விரிந்து பாறையைக் கடிக்கும் கருவி) அதில் வைத்தால், உள்பக்க மடல்கள் நன்றாகக் கடித்திருக்கும், வெளிப்பக்க மடல்கள் விரிந்து பாறையைச் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் அருமையாகத் தெரியும். தலையைச் சாய்த்துப் பக்கவாட்டில் பார்த்தால்தான் நான்கில் இரண்டு மடல் வெறும் அலங்காரம் என்று புரியும். இதற்குத்தான் ஆஃப்செட் கேம், ஆஃப்செட் நட் இரண்டும் இருக்கின்றன: ஒரு பக்கம் பெரிது, மறுபக்கம் சிறிது. ஆஃப்செட் வாங்காமல் கேம் எண்ணிக்கையை மட்டும் கூட்டுவது வீண் செலவு என்பது என் கட்சி.

அறிகுறி: அரை மீட்டர்தான் விழுந்தேன், முதுகு உடைந்த மாதிரி இருந்தது

கயிற்றில் விழவில்லை, டெய்ஸியில் விழுந்திருக்கிறீர்கள். கயிறு நீளும், டெய்ஸி நீளாது. டெய்ஸி உடல் எடையைத் தாங்குவதற்கு மட்டுமே. மாட்டியிருக்கும் கருவிக்கு மேலே, டெய்ஸி தொய்வாக இருக்க ஏறி நின்றால், விழும்போது அடி முழுவதும் இடுப்புக்கும் அந்த ஒரு கருவிக்கும் போகும்.

இன்னொன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். டெய்ஸியின் ஒவ்வொரு கண்ணிக்கும் நடுவே இருப்பது வெறும் தையல், அதன் வலு முழு நாடாவின் வலுவில் சிறு பங்குதான். நீளத்தைக் குறைப்பதற்காக, நுனியில் மாட்டிய அதே கேராபினரை (திறந்து மூடும் உலோக வளையம்) இன்னொரு கண்ணியிலும் மாட்டுகிறார்கள். பார்த்தால் இரட்டைப் பாதுகாப்பு. உள்ளபடி, நடுத் தையல்கள் பிய்ந்துவிட்டால் கேராபினர் நாடாவைவிட்டு முழுதாக வெளியே வந்து நிற்கும். சுருக்க வேண்டுமானால் வேறொரு கேராபினர் போடுங்கள். ஆங்கரில் நிற்க டெய்ஸியை நம்பாதீர்கள், கயிற்றையே கிளவ் ஹிட்ச் முடிச்சுப் போட்டு மாட்டுங்கள்.

அறிகுறி: கயிறு மேலே வர மறுக்கிறது

கூரையைத் தாண்டியதும் வரும். கீழே பிலே பிடிப்பவரைத் திட்ட வேண்டாம், அவர் கயிறு விட்டுக்கொண்டுதான் இருக்கிறார். கூரைக்கு அடியிலும் விளிம்பிலும் கயிற்றைக் கருவியோடு ஒட்டி மாட்டியிருப்பீர்கள், ஒவ்வொரு மூலையும் ஒரு பிரேக். அங்கே 60 சென்டிமீட்டர் ஸ்லிங் (நாடா வளையம்) போடுங்கள், விளிம்பில் இன்னும் நீளமாக. நல்ல கருவிகள் வரிசையாக இருந்தால் நடுவில் ஒன்றிரண்டைக் கழற்றி எடுத்துக்கொண்டே போகலாம். ஆனால் கூரையிலும் பக்கவாட்டு நகர்விலும் அப்படிக் கழற்றினால் உங்களுக்குச் சுகம், பின்னால் வருபவருக்கு நரகம். அவர் அடுத்த கருவி வரை ஊஞ்சலாட வேண்டியிருக்கும்.

அறிகுறி: பின்னால் வருபவர் கருவியைக் கழற்ற முடியாமல் நிற்கிறார்

பின்னால் வருபவர் பாறையில் ஏறுவதில்லை, கட்டி வைத்த கயிற்றில் ஜுமார் மாட்டி ஏறுகிறார். (1958இல் ஜூசி, மார்ட்டி என்ற இரண்டு சுவிஸ்காரர்கள் செய்த கருவி. இருவர் பெயரையும் ஒட்டினால் ஜுமார்.) பல் வைத்த பிடி, கயிற்றில் மேலே நகரும், கீழே நகராது.

ஒருநாள் நண்பன் 20 நிமிடம் ஒரே இடத்தில் நின்றான். "சிக்கிடுச்சு மச்சி, எடுக்கவே முடியல." இறங்கிப் பார்க்க முடியாது, குரலை வைத்துத்தான் நோய் பார்க்க வேண்டும். "மேல் ஜுமார் கேராபினரை ஒட்டி நிக்குதா?" என்று கேட்டேன். "ஆமா." அங்கேதான் விஷயம். ஜுமாரைத் திறக்க முதலில் அதை ஒரு விரற்கடை மேலே தள்ள வேண்டும், அப்போதுதான் பல் கயிற்றை விடும். கேராபினரில் இடித்து நிறுத்திவிட்டால் மேலே தள்ள இடம் இல்லை.

வெளியே வரும் வழி: அந்தக் கருவியிலேயே ஏணி ஒன்றை மாட்டி, அதில் ஏறி நின்று, கயிற்றிலிருந்து எடையை எடுத்துவிடுங்கள். கயிறு தொய்ந்ததும் ஜுமார் இறங்கும். அடுத்த தடவை கேராபினருக்கு ஒரு சாண் கீழேயே நிறுத்துங்கள். மேல் ஜுமாரைக் கழற்றி, கருவிக்கு அந்தப் பக்கம் உள்ள கயிற்றில் மாட்டி, எடையை அதற்கு மாற்றுங்கள். இப்போது கருவியின் மேல் இழுப்பு இல்லை, தானாகக் கையோடு வரும். கேம் உள்ளே ஒளிந்துகொண்டால் வெளியே பிடுங்காமல் முதலில் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி விசையை இழுங்கள். விசை எட்டாவிட்டால் நட் டூல் என்ற நீண்ட கொக்கி.

ஜுமாரைக் கழற்றும் அந்த நொடியில் ஒற்றைப் பிடியில் தொங்குகிறீர்கள். அதனால் இரண்டு ஜுமாரும் தனித்தனி டெய்ஸியில் ஹார்னஸோடு இணைந்திருக்க வேண்டும், கீழே கயிற்றில் ஒரு கிரிகிரி (கயிற்றைத் தானாகப் பிடிக்கும் பிரேக் கருவி) மாட்டித் தொய்வை அவ்வப்போது இழுத்துக்கொள்ள வேண்டும், அல்லது ஐந்தாறு மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு ஹார்னஸில் மாட்ட வேண்டும். கயிறு சாய்வாகப் போகும் இடத்தில் ஜுமார் திருகிக் கயிற்றைவிட்டே நழுவக்கூடும். அதன் தலைப்பக்க ஓட்டையில் ஒரு கேராபினரைக் கயிற்றையும் சேர்த்து மாட்டினால் நழுவாது. இதை விட்டுவிடாதீர்கள்.

ஜுமாரில் ஏறவே மூச்சு வாங்குகிறது என்றால், மேல் டெய்ஸி நீளம். அதில் தொங்கும்போது ஜுமாரைப் பிடித்த முழங்கை சற்று மடங்கியிருக்க வேண்டும். கை முழுதாக நீண்டிருந்தால் ஒவ்வொரு நகர்வும் தண்டால் எடுப்பதுதான்.

அறிகுறி: மூட்டை நகரவில்லை

தங்கி ஏறும்போது தண்ணீரும் சாமான்களும் அடைத்த பையை ஒவ்வொரு பிட்சாகக் கயிற்றில் மேலே இழுக்க வேண்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர், இரண்டு பேர், 3 நாள்: தண்ணீர் மட்டுமே 24 கிலோ. அமெரிக்க ஏறிகள் இந்தப் பையைப் 'பன்றி' என்றுதான் கூப்பிடுகிறார்கள், இழுத்துப் பார்த்தால் ஏனென்று தெரியும்.

நடுவழியில் சிக்கினால் பெரும்பாலும் வெளியே தொங்கும் பட்டையோ பையின் தலையில் இருக்கும் முடிச்சோ விளிம்பில் மாட்டியிருக்கும். பட்டைகளை உள்ளே மடித்துவிடுங்கள். அடி வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலைப் புனல் மாதிரி முடிச்சின் மேல் கவிழ்த்துவிட்டால் வழுக்கிக்கொண்டு வரும்.

ஆங்கரிலிருந்தே கிளம்பவில்லை என்றால், போன ஆங்கரில் யாரோ பையை நேரடியாகக் கேராபினரில் தொங்கவிட்டிருக்கிறார்கள். 40 கிலோவைக் கையால் தூக்கிக் கழற்ற எந்தப் பயில்வானாலும் ஆகாது. மேலே இருப்பவர் முதலில் கொஞ்சம் இழுத்து எடையை வாங்கிக்கொள்ள வேண்டும், அதற்குள் கீழே இருப்பவர் கழற்ற வேண்டும். இருவருக்கும் நடுவே 40 மீட்டரும் காற்றும் இருக்கும்போது இது ஒரு தெருக்கூத்து. பையோடு எப்போதும் 7 அல்லது 8 மில்லிமீட்டர் துணைக்கயிறு ஒன்றை வைத்து, இழுப்பில் இருக்கும்போதே அவிழ்க்கக்கூடிய மன்ட்டர் மியூல் முடிச்சில் ஆங்கரோடு கட்டுங்கள். கிளம்பும்போது முடிச்சை அவிழ்த்து மெல்ல விட்டால் பை தானாக வெளியே ஆடிப்போகும்.

வாஷிங்டன் காலத்தில் பழகும்போது பையை டின்னர் லெட்ஜோடு நிறுத்திவிடுவது புத்திசாலித்தனம். முதல் நாள் அதற்கு மேல் இரண்டு பிட்ச் ஏறிக் கயிறுகளைக் கட்டிவிட்டு இறங்கிவந்து தூங்கலாம். மறுநாள் அதில் ஜுமார் போட்டு மேலே போய், வந்த வழியே கயிற்றில் இறங்கலாம். மலம் உட்பட எல்லாக் கழிவும் பையோடு கீழே வர வேண்டும் என்பது பூங்காவின் விதி, அதற்கு ஒரு மூடியுள்ள டப்பா தனியாகத் தொங்கட்டும்.

அறிகுறி: ஆங்கர் இடியாப்பமாகிவிட்டது

வந்த வரிசையில் மாட்டினீர்கள், எடுக்க வேண்டிய வரிசையில் மாட்டவில்லை. ஏறும் கயிறு ஒரு பக்கம், பை மறுபக்கம், கயிறு தனிப் பையில் திணித்து. முதலில் கிளம்ப வேண்டியது கடைசியாக, எல்லாவற்றுக்கும் மேலே.

அறிகுறி: இறங்கியாயிற்று, கயிறு வரவில்லை

இது ஒன்றில் மட்டும் காரணம் மேலே இருக்கிறது. இரண்டு கயிற்றை முடிச்சிட்டு இறங்கி, ஒன்றை இழுத்தால் மற்றது கூடவே வர வேண்டும். முடிச்சு திண்ணையின் உள்பக்கம் கிடந்தால் விளிம்பில் மாட்டிக்கொள்ளும். கடைசியாக இறங்குபவர் முடிச்சை விளிம்பைத் தாண்டித் தள்ளிவிட்டு வர வேண்டும். அவர் கிளம்பும் முன்பே கீழே இருப்பவர் ஒரு முழம் இழுத்துப் பார்க்க வேண்டும். முனைகளில் போட்ட காவல் முடிச்சுகளை இழுப்பதற்கு முன் அவிழ்த்தாயிற்றா என்றும் பார்க்க வேண்டும். சிக்கிய பிறகு இரண்டு முனையும் கையில் இருந்தால் இரண்டு கயிற்றையும் சேர்த்துப் பிடித்து ஜுமாரில் ஏறிப் போகலாம். ஒரு முனை மேலே போய்விட்டால் மீதிக் கயிற்றை நம்பித் தொங்காதீர்கள். அது எதில் சிக்கியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கையில் வந்த கயிற்றில் பிலே வாங்கிக்கொண்டு முறையாக ஏறித்தான் எடுக்க வேண்டும்.

எங்களுக்கு ஒரு தடவை அப்படிச் சிக்கியபோது நல்லவேளையாக டின்னர் லெட்ஜில் இன்னொரு குழு சமைத்துக்கொண்டிருந்தது. கூப்பிட்டோம். ஒருவர் எட்டிப் பார்த்து, முடிச்சை விளிம்புக்கு இந்தப் பக்கம் தூக்கிப் போட்டுவிட்டு, எதை இழுக்கப் போகிறீர்கள், பச்சையா நீலமா என்று கேட்டார். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு நிறம் சொன்னோம்.